இனிக்கும் மாத்திரை

நாக்கில் வைத்ததும் மாத்திரை இனித்தது.

கண்ணாடிக் கடையில் அவனை எல்லோரும் ‘நூல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அளவுகோல் வைக்காமல் கீறினாலும் அவன் கட்டர் போகிற கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்பதால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நூல் அன்று காலை சமையலறை வாசலில் தண்ணீர் டம்ளரோடு நின்றபடி, வாயில் போட்டதை விழுங்காமல் யோசித்தான். இத்தனை மாதமாக அவன் சாப்பிட்டுவரும் மாத்திரை கசக்கும். தொண்டைக்குள் இறங்கிய பிறகும் அந்தக் கசப்பு அடிநாக்கில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். இதுவோ மிட்டாய் மாதிரி கரைந்தது.

மனைவி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, மாத்திரை போட்டாச்சா?”

“ம்.”

“முழுங்கிட்டீங்கல்ல?”

மாத்திரை ஆரம்பித்த இத்தனை மாதத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. ‘போட்டாச்சா’ என்று கேட்பாள், அதோடு சரி. முழுங்கினானா என்பதில் அவளுக்கு என்ன அக்கறை? அவன் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தான். மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் துப்பினான். பாதி கரைந்து வெள்ளையாகக் கிடந்ததைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டு, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கை நடுங்கியது.

அப்போதுதான் அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இந்த நடுக்கம் தானாக வரவில்லை. யாரோ வரவழைக்கிறார்கள்.

*

நடந்ததைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நூலும் மனைவியின் அண்ணனும் கூட்டாகத்தான் அந்தக் கடையை நடத்தினார்கள். மச்சானுக்கு வாய் சாமர்த்தியம், இவனுக்குக் கை சாமர்த்தியம். ஆர்டர் பிடிப்பது அவர், வெட்டுவது இவன். ஒரு துணிக்கடையின் மாடிக்கு ஆளுயரக் கண்ணாடி மாட்டப் போன இடத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் பிடி வழுக்கிவிட்டது. முழுத் தகடும் சரிந்து, அவன் தோளுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இறங்கி நொறுங்கியது. ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். “ஆயுசு கெட்டி மாப்ள” என்றார் மச்சான்.

அதற்கடுத்த வாரம் வெட்டு மேசை முன்னால் நின்றவனுக்குக் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு பாதியிலேயே நின்றது. மாரடைப்பு என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, பயம்தான் என்றார்கள். அங்கிருந்து மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. அவன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, பதற்றத்தைத் தணிக்கிற ஒரு மாத்திரையைக் குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று எழுதினார்.

“இது நல்ல மருந்துதான், ஆனா விளையாட்டு இல்ல. தூக்கம் வரும், அதனால ஆரம்பத்துல கண்ணாடி, மெஷின் பக்கம் போகாதீங்க. குடிக்கக் கூடாது. நல்லா இருக்குன்னு நீங்களா கூட்டிக்கவும் கூடாது, சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது. ரெண்டுக்கும் என்கிட்ட வாங்க. கூடவே கவுன்சிலிங்குக்கும் வரணும், அதுதான் நிரந்தர வைத்தியம்.”

தலையை ஆட்டிவிட்டு வந்தான். மாத்திரை வேலை செய்தது. அப்பப்பா, என்னமாய் வேலை செய்தது! நெஞ்சுக்குள் ஓயாமல் குரைத்துக்கொண்டிருந்த நாயை யாரோ தடவிக் கொடுத்துப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. கவுன்சிலிங்குக்கு ஒரு தடவை போனான். உட்கார்ந்து கதை பேசி என்ன ஆகப் போகிறது என்று அதோடு விட்டுவிட்டான். டாக்டரம்மா குறைத்துக்கொண்டே வரலாம் என்றபோதெல்லாம், “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் மேடம்” என்று கெஞ்சித் தள்ளிப் போட்டான்.

யாருக்கும் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. கொஞ்ச நாளில் பழைய அளவு பத்தவில்லை. மதியம் மறுபடி படபடப்பு எட்டிப் பார்த்தது. கடைக்குப் பின்தெருவில் இருந்த ஒரு சின்ன மருந்துக் கடையில் பழைய சீட்டின் நகலை நீட்டினான். கொடுத்தார்கள். அடுத்த தடவை நகல்கூடக் கேட்கவில்லை. அந்த அட்டைகளைக் கருவிப் பெட்டியின் அடித்தட்டில், உடைந்த கட்டர்களுக்குக் கீழே வைத்துக்கொண்டான். காலையும் இரவும் வீட்டில் மனைவி பார்க்க ஒன்று, மதியம் கடையில் யாரும் பார்க்காமல் ஒன்று. பிறகு அது இரண்டாயிற்று. ‘தலைவலிக்கு மாத்திரை போடறதில்லையா, அது மாதிரிதான்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது நியாயமாகவே பட்டது.

அப்புறம் அந்தச் சின்னக் கடைக்காரர் ஒருநாள் கையை விரித்துவிட்டார். “இனிமே புதுச் சீட்டு இல்லாம தர மாட்டேங்க. சோதனைக்கு வந்துட்டுப் போயிருக்காங்க.” கருவிப் பெட்டியின் அடித்தட்டு காலியாயிற்று. சரி, வீட்டு மாத்திரை இருக்கிறதே, சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

அந்த வீட்டு மாத்திரைதான் இப்போது இனிக்கிறது.

*

சந்தேகம் என்பது ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் பாயைத் தானே விரித்துக்கொள்ளும் விருந்தாளி. நூலுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

கொஞ்ச நாள் முன்னால்தான் அவள் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தாள். “அட்டையக் கிழிக்கறதுக்குள்ள உங்க கை ஆடுது, டப்பாவுல இருந்தா வசதி” என்றாள். அப்போது அதில் பாசம் தெரிந்தது. இப்போது வேறு எதுவோ தெரிந்தது. இரவு மாத்திரையைச் சாப்பாட்டின் கடைசி வாயோடு விழுங்குவது அவன் பழக்கம். அதனால் ருசி தெரிய வாய்ப்பே இல்லை. எத்தனை நாளாக இரவில் இந்த இனிப்பை விழுங்கியிருக்கிறானோ!

கடையிலும் காற்று மாறித்தான் இருந்தது. ஒரு வாரமாக வெட்டு மேசையில் ஒரு புது ஆள் நின்றான். “மாப்ள, நீங்க கொஞ்ச நாள் முன்னாடி உட்காருங்க. வர்றவங்ககிட்ட அளவு கேட்டு எழுதுங்க. ஓய்வு எடுத்த மாதிரி இருக்கும்” என்று மச்சான் தோளைத் தட்டினார். ஓய்வாம்! இருபது வருஷமாக அவன் நின்று தேய்த்த தரையில் வேறொருவன் கால். புது ஆள் கீறும்போது கட்டர் எழுப்பும் கிரீச் ஒலி அவன் பல்லுக்குள் இறங்கிக் கூசியது. அந்தச் சத்தத்தோடுதான் அவன் வாழ்ந்தான், அது காதில் விழுந்ததாகவே அவனுக்கு நினைவில்லை. இப்போது யாராவது டம்ளரை மேசையில் வைத்தால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. வெயில் கண்ணைக் குத்தியது. தூக்கம் என்பதே போய்விட்டது. சட்டை வியர்வையில் ஊறி முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

டீ கொண்டு வந்து வைத்தார் மச்சான். அவன் குடிக்கவில்லை.

“ஏன் மாப்ள, ஆறிப் போகுது?”

“வயிறு சரியில்ல.”

“எப்பவும் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பீங்களே.”

மச்சான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் ஆளை எடை போடுகிற மாதிரி என்னவோ இருந்தது. அவர் அப்பால் போனதும் டீயைப் பின்பக்கம் குப்பைத் தொட்டியில் கொட்டினான்.

மறுநாள் மதியம் ஏதோ மறந்ததைப் போல வீட்டுக்கு வந்தான். முன்கதவு சும்மா சாத்தியிருந்தது. மனைவி பின்பக்கம் துணி உலர்த்தியபடி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வைக்கு இந்தப் பக்கம் அவன் நின்றதை அவள் பார்க்கவில்லை.

“காலையிலயும் மாத்திட்டேண்ணா… இல்ல, அவருக்கு ஒண்ணும் தெரியாது… ம்… இன்னும் கொஞ்ச நாள்தானே? அதுக்கப்புறம் நமக்கு நிம்மதி… நீங்க கடையில பாத்துக்கங்க, நான் வீட்ல பாத்துக்கறேன்.”

நூல் வந்த சுவடு தெரியாமல் வெளியே வந்து, தெருமுனை வரை நடந்து, ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணனும் தங்கையும். கடையை அவர் பார்த்துக்கொள்வார், இவனை இவள் பார்த்துக்கொள்வாள். அதற்கப்புறம் நிம்மதி. யாருக்கு நிம்மதி? இவன் எங்கே இருப்பான் அப்போது?

இவ்வளவு வருஷம் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக வாழ்ந்தவளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று ஒரு மூலையில் உறுத்தவும் செய்தது. அந்த மூலையை அவன் எட்டிப் பார்க்கவில்லை. தூங்காத மனுஷனுக்குக் கெட்டது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

டாக்டரம்மாவிடம் போயிருக்கலாம். போனால் முதல் கேள்வியே ‘எவ்வளவு சாப்பிடறீங்க’ என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்கு அவனிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. ஆகவே மறுநாள் காலை மாத்திரையை நாக்கில் படவிடாமல் கைக்குட்டைக்குள் நழுவவிட்டு, அதை எடுத்துக்கொண்டு, முதன்முதலில் மருந்து வாங்கிய பெரிய மருந்துக் கடைக்குப் போனான்.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெண் மாத்திரையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் பெயருக்கு எழுதியிருந்த மருந்தின் அட்டை ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

“இது அது இல்லீங்க. இது வைட்டமின். சின்னப் பிள்ளைங்க சப்பிச் சாப்பிடறது.”

“வைட்டமினா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வேற ஏதாவது கலந்திருக்கா?”

“கலக்கறதுக்கு என்ன இருக்கு? பாருங்க, கம்பெனி முத்திரைகூட இருக்கு.” அவள் அவன் கையைப் பார்த்தாள். கைக்குட்டையே ஆடிக்கொண்டிருந்தது. “சார், உங்க மாத்திரைய எத்தனை நாளாச் சாப்பிடல? திடீர்னு நிறுத்தக் கூடாது அது. இப்பவே உங்க டாக்டரைப் போய்ப் பாருங்க. போன் போட்டுத் தரட்டுமா?”

அவள் சொன்னதில் பாதிதான் அவன் காதில் ஏறியது. மாற்றிவிட்டார்கள். கையும் களவுமாகச் சிக்கிவிட்டார்கள். கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு கடையை நோக்கி நடந்தான். நடந்தான் என்பதைவிட ஓடினான் என்பதே சரி.

*

அவன் போய்ச் சேர்ந்தபோது மனைவி மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தாள். அண்ணனும் தங்கையும் கண்ணாடித் தகடுகளை நிறுத்தி வைக்கிற மரச் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவனைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அது ஒன்றே போதும் என்று இருந்தது அவனுக்கு.

“என்னடி குடுத்த எனக்கு?”

கடையே திரும்பிப் பார்த்தது. அவளை அவன் ‘டி’ போட்டு யார் முன்னாலும் பேசியதில்லை.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு? ஏன் இப்படி வேர்த்து…”

“என்ன குடுத்தேன்னு கேக்கறேன்!” கைக்குட்டையை விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். “இது என்ன? சொல்லு! ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கிட்டு, கடைய எழுதி வாங்கிக்கலாம்னு பாக்கறீங்களா? போன்ல பேசினதைக் கேட்டேன். ‘அதுக்கப்புறம் நமக்கு நிம்மதி’யா?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, அப்படி இல்லீங்க. நான்…”

“மாப்ள, முதல்ல உட்காருங்க. நான் சொல்றேன்.” மச்சான் ஒரு அடி முன்னால் வந்தார்.

“கிட்ட வராதீங்க!”

இதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. அதன் பிறகு நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். வாய் ஒரு பக்கமாக இழுத்ததாம். கண் மேலே செருகியதாம். நின்றபடியே கட்டைபோல விறைத்து, மரச் சட்டத்தின் மேல் அப்படியே சாய்ந்தானாம். சட்டம் அசைந்து, அதில் நின்ற தகடுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று முன்னால் சரிய ஆரம்பித்தன. மச்சான் யோசிக்கவில்லை. ஒரு தோளால் தகடுகளை முட்டுக் கொடுத்து நிறுத்திக்கொண்டு, இன்னொரு கையால் இவன் சட்டையைப் பற்றி இழுத்து அப்பால் தள்ளினார். முன்னால் நின்ற தகடு ஒன்று உடைந்து அவர் முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழித்துவிட்டது. புது ஆள் ஓடி வந்து மிச்சத்தைத் தாங்கினான். தரையில் நூல் கைகால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடக்க, மனைவி அவனை ஒருக்களித்துத் திருப்பி, தலைக்கடியில் தன் கையை வைத்துக்கொண்டு, “என்னால, என்னால” என்று அழுதாளாம்.

*

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. உடம்பை அடித்துத் துவைத்துப் போட்ட மாதிரி வலித்தது. மனைவி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அவன் கண் திறந்ததும் தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினாள். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அங்கே நின்ற நர்ஸிடம், “நீங்க குடுங்க” என்றான்.

அவள் டம்ளரை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, எப்போதும்போல மெதுவாகவே ஆரம்பித்தார்.

“உங்களுக்கு வந்தது வலிப்பு. யாரும் உங்களுக்கு விஷம் எதுவும் குடுக்கல. கிடைக்க வேண்டிய மருந்து திடீர்னு கிடைக்காம போச்சு. அதான்.” பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. என்ன செஞ்சீங்க?”

அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். “அந்த மாத்திரைக்கு இவர் அடிமையாயிட்டாருன்னு பயமா இருந்துச்சு டாக்டர். உட்கார்ந்த இடத்துலயே தூங்கினாரு. கண்ணாடி தூக்கும்போது தள்ளாடினாருன்னு அண்ணன் சொன்னாரு. ஒருநாள் இல்லன்னா ஒருநாள் கழுத்துல விழுந்துடும்னு. நிறுத்துங்கன்னு சொன்னா எரிஞ்சு விழறாரு. அதான் அவருக்குத் தெரியாம முதல்ல ராத்திரி மாத்திரைய, அப்புறம் காலை மாத்திரையவும் எடுத்துட்டு, அதே மாதிரி இருக்கற வைட்டமின வெச்சேன். கொஞ்ச நாள் நடுங்கும், தாங்கிட்டா சரியாயிடும்னு அண்ணன் சொன்னாரு. அதுவரைக்கும் கத்தி மாதிரி எதையும் தொடாம பாத்துக்கலாம்னு வெட்டு வேலைக்கு வேற ஆள் போட்டாரு.”

“இது பிடிவாதம் பிடிச்சு விடற பழக்கம் இல்லம்மா. உடம்பும் மூளையும் அதுக்குப் பழகியிருக்கும். திடுதிப்புனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. கண்ணாடி கழுத்துல விழக் கூடாதுன்னு நினைச்சீங்க. கண்ணாடி மேலயே அவரை விழ வெச்சிருப்பீங்க. பயமா இருந்தா என்கிட்ட வந்திருக்கணுமா, இல்லையா?”

அவள் தலை குனிந்தபடி அழுதாள். நூல் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. தப்பு அவள் பேரில் ஏறிவிட்டது. இனி வாழ்நாள் பூராவும் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் இதை எடுத்துக் காட்டலாம்.

டாக்டரம்மா குறிப்பைப் புரட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“ஒண்ணு மட்டும் புரியல. நான் எழுதினது ரொம்பக் குறைந்த அளவு. அதைத் திடீர்னு நிறுத்தினாலும் கஷ்டம்தான், ஆனா இவ்வளவு சீக்கிரத்துல இவ்வளவு பெரிய வலிப்பு வர்றது அபூர்வம். நான் எழுதினதுக்கு மேல ஏதாவது சாப்பிட்டாரா?”

கேள்வி மனைவியைப் பார்த்துத்தான் வந்தது. அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஒரு கணத்தில் நூலுக்குப் புரிந்துபோயிற்று. இவளுக்குத் தெரியும். கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்த ஒருநாள் கருவிப் பெட்டியின் அடித்தட்டைப் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்துப் பயந்துதான் இவ்வளவும் செய்திருக்கிறாள். தெரிந்திருந்தும் டாக்டர் முன்னால் அவனைக் காட்டிக்கொடுக்காமல், அத்தனை திட்டையும் தானே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். “நான் இப்ப மருந்தை மறுபடி ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். நிஜ அளவு தெரியாம ஆரம்பிச்சா பத்தாமப் போய் இன்னொரு வலிப்பு வரும். யாரையும் திட்டறதுக்காகக் கேக்கல.”

நூல் எச்சில் விழுங்கினான். கடிபட்ட நாக்கு எரிந்தது.

“நான்தான் மேடம்.”

“என்ன?”

“வேற கடையில வாங்கிச் சாப்பிட்டேன். மதியத்துல. முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு… சில நாள் அதுக்கு மேலயும். கொஞ்ச நாள் முன்னாடி அவங்க தர மாட்டேன்னுட்டாங்க. அதுவும் நின்னுபோச்சு.”

டாக்டரம்மா அதிர்ச்சியும் காட்டவில்லை, உச்சும் கொட்டவில்லை. எழுதிக்கொண்டார். எப்போதிலிருந்து, எவ்வளவு, குடித்தீர்களா, தூக்க மாத்திரை வேறு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குடிக்கவில்லை என்ற ஒரு பதிலை மட்டும் அவனால் நிமிர்ந்து சொல்ல முடிந்தது.

“அப்ப கதை இதுதான். நீங்க அவங்களுக்குத் தெரியாம கூட்டினீங்க. அவங்க உங்களுக்குத் தெரியாம நிறுத்தினாங்க. ரெண்டு பேருமே என்கிட்ட வரல. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்துதான் வரணும். மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும், டப்பா வேண்டாம். குறைக்கறதுக்கு மாசக்கணக்குல ஆகும். அவசரப்பட மாட்டோம். வெட்டு மேசை, வண்டி, ஏணி எதுவும் நான் சொல்ற வரைக்கும் கிடையாது. கவுன்சிலிங்குக்கு இந்தத் தடவை ஒழுங்கா வரணும்.”

அவர் போன பிறகு மனைவி தண்ணீர் டம்ளரை எடுத்தாள், யோசித்துவிட்டு மறுபடி வைக்கப் போனாள்.

“குடு” என்றான்.

*

மச்சான் கையில் பெரிய கட்டோடு மறுநாள் வந்தார். தையல் போட்டிருந்தது. “வலிக்குதா?” என்று கேட்டான் நூல். “உங்களைத் தூக்கினதுலதான் முதுகு வலிக்குது. கொஞ்சம் இளைங்க மாப்ள” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “தங்கச்சிக்கு அந்த யோசனையச் சொன்னது நான்தான். எங்கேயோ கேட்டதை நம்பிச் சொல்லிட்டேன். அவளைக் கோவிச்சுக்காதீங்க” என்றார். நூல் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குறைக்கிற வேலை லேசாக இல்லை. ஒவ்வொரு தடவை அளவைக் கொஞ்சம் குறைக்கும்போதும் சில நாள் உடம்பு முரண்டு பிடித்தது. ஒரு தடவை தாங்க முடியாமல், டாக்டரம்மாவே பழைய அளவில் இன்னும் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பிறகு குறைத்தார். கவுன்சிலிங்கில், படபடப்பு வந்தால் அதை விரட்டாமல் உட்கார வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒருநாள் கடை வாசலில் படபடப்பு வந்து, அது மாத்திரை இல்லாமலே தானாகத் தணிந்தபோது சிரிப்பு நின்றது.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி கேட்டாள். “நிஜமாச் சொல்லுங்க. அன்னிக்கு என்னைப் பத்தி என்னதான் நினைச்சீங்க?”

அவன் மழுப்பப் பார்த்தான். அவள் விடவில்லை. “விஷம் வெக்கிறேன்னு நினைச்சேன்” என்றான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் சிரித்துவிட்டாள். புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தாள். “கொல்லணும்னு நினைச்சிருந்தா வைட்டமின் மாத்திரையா குடுப்பேன்? உங்க ஆயுசுதானே கூடும்?”

அவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் வந்தது, அவ்வளவுதான். அவன் பாத்திரம் துலக்கினான், கேட்காமலே காய் நறுக்கிக் கொடுத்தான், ஒன்றும் எடுபடவில்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிற நாள். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஊரெல்லாம் சுற்றி அந்த பஸ் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவள் தானாகவே ஆரம்பித்தாள்.

“எனக்கும் சந்தேகம் போகல. அதையும் சொல்லிடறேன். உங்க சட்டைப் பை, பேண்ட் பை எல்லாத்தையும் துழாவிப் பாத்துட்டுத்தான் துவைக்கிறேன். நேத்தும் பாத்தேன்.”

“என்ன கிடைச்சுது?”

“பஸ் டிக்கெட்டு. அப்புறம் ஒரு பேனா மூடி.”

“பேனா மூடியத்தான் ஒரு வாரமாத் தேடிக்கிட்டு இருக்கேன்.”

“அலமாரி மேல வெச்சிருக்கேன்.”

பஸ் ஒரு திருப்பத்தில் வேகமாகச் சாய்ந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நேரான பாதை வந்த பிறகும் விடவில்லை.

அன்று டாக்டரம்மா அளவை இன்னும் ஒரு படி குறைத்தார். அதன் பிறகும் சில மாதம் ஆயிற்று, மாத்திரை முழுசாக நிற்பதற்கு. வெட்டு மேசைக்கு அவன் திரும்பியபோது புது ஆளும் அங்கேயே இருந்தான். ஆர்டர் கூடியிருந்ததால் இரண்டு பேருக்குமே வேலை இருந்தது. மனைவி இப்போதும் துணியைத் துழாவிவிட்டுத்தான் துவைக்கிறாள். அவன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போலப் போய்விடுகிறான்.